ஒருவனுக்கு எத்தனை முகம்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் "ஒருவனுக்கு எத்தனை முகம்?" என்பதாகும். இதைக் கேட்டவுடன் ஏதோ வேதாந்த விசாரணை என்று சிலர் நினைக்கலாம். ஆத்மா ஒன்றா, இரண்டா என்று கேட்கும் வேலை நமக்கு வேண்டாம். நான் சொல்லப் போவது வீட்டிலும், கடையிலும், வயலிலும், ஆபீசிலும் தினப்படி நடக்கிற சங்கதியே ஆகும். அதில் புதுமை ஒன்றுமில்லை. நீங்கள் எல்லோரும் பார்ப்பதும், செய்வதும்தான். ஆனால், தினமும் பார்ப்பதைப் பற்றி யோசிக்கும் வழக்கம் நம்மிடம் மிகவும் குறைவு. ஆதலால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு உரசிப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! ஒரு மனிதன் எல்லோரிடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆகிற காரியமும் அல்ல. ஒருவன் தன் குழந்தையிடம் மழலை பேசுவான். அதே மழலையை மளிகைக் கடைக்காரரிடம் பேசினால், கடைக்காரர் அவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாக இருக்கும் ஆசிரியர், சிநேகிதரோடு சீட்டாடும்போது குலுங்கிச் சிரிப்பார். தன் வீட்டுச் சாவுக்கு அழுகிற டாக்டர், நோயாளியின் பக்கத்தில் நின்று அழக்கூடாது. இவற்றையெல்லாம் பொய் என்றோ, வேஷம் என்றோ சொல்லிவிட முடியாது. அந்தந்த இடத்துக்கும் வேலைக்கும் தக்கபடி மனிதன் தன்னில் ஒரு பாகத்தை முன்னே வைக்கிறான்.

மேல்நாட்டு அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் என்பவர் 1890-ஆம் வருஷத்தில் வெளியிட்ட மனோதத்துவ நூலில், ஒருவனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ, சமூகத்தில் அவனுக்கு அத்தனை உருவம் உண்டு என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். பிறகு எர்விங் காஃப்மன் என்பவர், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்டுத் தீவில் தங்கி ஜனங்களைக் கவனித்து, மனிதர் நாடக மேடையில் இருப்பது போலவே வாழ்க்கையிலும் பிறர் முன்னிலையில் ஒரு விதமாகவும், திரை மறைவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளுகிறார்கள் என்று 1956-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆகவே, பல முகம் இருப்பது மனித சுபாவம். அதைப் பற்றி நமக்கு வழக்கு இல்லை.

பின் எதைப் பற்றித்தான் வழக்கு என்பீர்கள். சொல்லுகிறேன்.

ஒரு மனிதரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலே இங்கே பத்துப் பேர் "நம்மைத்தான் சொல்லுகிறான்" என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் காலை எழுந்தவுடன் பெண்சாதியைப் பார்த்து, "ஏண்டி, காப்பி எங்கே?" என்கிறார். அந்த அம்மாள், "இதோ கொண்டு வந்துட்டேங்க" என்கிறாள். வாசலுக்கு வருகிறார். தெருக் கூட்டும் தொழிலாளி நிற்கிறார். வயது அறுபது. நம்மவருக்கு வயது நாற்பது. "ஏய், இங்கே வாடா, இந்தச் சாக்கடையை யார் பார்க்கிறது?" என்கிறார். பத்து மணிக்குத் தாலுகா ஆபீசுக்குப் போகிறார். அங்கே தாசில்தாருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். நம்மவர் தோளில் கிடந்த துண்டு தானாகவே அக்குளுக்கு வந்துவிடுகிறது. "ஐயா, தாங்கள் பெரிய மனசு பண்ணணும்" என்கிறார். சாயங்காலம் இதுபோன்ற கூட்டத்துக்கு வந்து, "தோழர்களே! மனிதனுக்கு மனிதன் சமம்!" என்று மேஜையைத் தட்டுகிறார். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பழையபடி "ஏண்டி" ஆரம்பமாகிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வயதுக்கு மரியாதை கொடுப்பதுதான் நம் வழக்கம் என்று அவரே எல்லோருக்கும் உபதேசம் செய்வார். வயதுக்கு மரியாதை என்றால் அறுபது வயதுக்காரர் "வாடா" ஆவதும், முப்பது வயதுக்காரர் "தாங்கள்" ஆவதும் எப்படி? ஆகவே, அது வயதுக்கு மரியாதை அல்ல. படிப்புக்கு மரியாதை, குணத்துக்கு மரியாதை என்பதும் அல்ல. எதிரில் நிற்பவனால் எனக்கு என்ன செய்ய முடியும் என்ற கணக்குக்கே மரியாதை ஆகும்.

நம் பாஷையும் இந்தக் கணக்குக்கு நன்றாக உதவி செய்கிறது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக வைத்திருக்கிறோம். அவன், அவர், அவர்கள் என்று ஏணி கட்டியிருக்கிறோம். அது போதாதென்று அடியில் "டா"வும் "டி"யும் வேறு. எதிரில் நிற்பவர் என்ன ஜாதி, எவ்வளவு பணம், என்ன உத்தியோகம் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்மால் ஒரு வாக்கியத்தின் வினைச்சொல்லை முடிக்க முடிவதில்லை! கிராமங்களில் தாழ்த்தப்பட்ட ஜாதிக் கிழவரை, மேல்ஜாதி வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டதும், கிழவர் அவனைச் "சின்ன எஜமான்" என்று சொன்னதும் நம் பெரியவர்கள் கண்ணால் கண்டவையே ஆகும்.

"அப்படியானால் 'நீ' என்பதே அவமரியாதையா? நான் என் தாயாரை 'நீ' என்றுதானே சொல்லுகிறேன்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கும் விடை கண்டிருக்கிறார்கள். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960-இல் ஐரோப்பிய பாஷைகளின் "நீ", "நீங்கள்" ஆகியவற்றை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே சொல்லை இருவரும் பரஸ்பரம் சொல்லிக்கொண்டால் அது நெருக்கத்தையோ, சமத்துவத்தையோ காட்டும். ஒருவர் "நீ" என்று சொல்ல, மற்றவர் "நீங்கள்" என்றே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தால் அது அதிகாரத்தைக் காட்டும் என்பது அவர்கள் கண்டது. சிநேகிதர் இருவர் "வாடா, போடா" என்று பேசிக்கொள்வது அன்பு. ஒருவன் "வாடா" என்று சொல்ல, மற்றவன் "வந்துட்டேங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்றால் அதில் அன்பு எங்கே இருக்கிறது?

ஆகவே தோழர்களே! நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய பரீட்சை ஒன்றே ஒன்றுதான். நாம் ஒருவரிடம் காட்டுகிற முகத்தை, அவர் நமக்குத் திருப்பிக் காட்டினால் நாம் பொறுப்போமா? பொறுப்போம் என்றால் அது உறவு. பொறுக்க மாட்டோம் என்றால் அது ஆதிக்கம். சந்தையில் வாங்குவதற்கு ஒரு படிக்கல்லும், விற்பதற்கு ஒரு படிக்கல்லும் வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்ன சொல்லுகிறோம்? திருடன் என்கிறோம். மனிதர்களை நிறுப்பதற்கு இரண்டு படிக்கல் வைத்திருப்பவனை மட்டும் "பெரிய மனிதர், ஆளுக்குத் தக்கபடி பேசத் தெரிந்தவர்" என்று புகழ்வது என்ன நியாயம்?

இந்தப் பரீட்சையை முதலில் வீட்டில் வைத்துப் பார்ப்போம். பெண்சாதியை அடித்துவிட்டு வருகிற ஆசாமியைக் கேட்டால், "என்ன செய்கிறது? எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது" என்கிறான். நான் கேட்கிறேன்: மேலதிகாரி பத்துப் பேர் முன்னிலையில் திட்டுகிறபோது இந்தக் கோபம் எங்கே போயிற்று? போலீஸ் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தி அதட்டுகிறபோது ஏன் கண் நன்றாகத் தெரிகிறது? கோபத்துக்குக் கண் இல்லை என்பது சுத்தப் பொய். கோபத்துக்கு நல்ல கண் இருக்கிறது. திருப்பி அடிக்கக்கூடியவன் யார், அடிக்க முடியாதவள் யார் என்று பார்த்துத்தான் அது வருகிறது. அடிப்பது மாத்திரம் அல்ல. வாயால் இழிவுபடுத்துவதும், மனத்தைப் புண்படுத்துவதும் குடும்ப வன்முறையே என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. ஆனால், எந்தச் சட்டமும் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்திருக்க முடியாது. வெளியில் ஆயிரம் பேருக்கு நல்லவனாக இருப்பவன், உள்ளே ஒரு ஜீவனுக்குப் பூதமாக இருந்தால், அவனுடைய நிஜமான முகம் எது? எதிர்த்துப் பேச முடியாதவரிடம் காட்டுகிறது எதுவோ, அதுதான் அவனுடைய நிஜ முகம். மற்றதெல்லாம் பயமும் லாபமும் சேர்ந்து எழுதிய அரிதாரம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். முகத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒரே கக்ஷி அல்ல. பலமுள்ளவன் மாற்றிக்கொள்வது ஒன்று. பலமில்லாதவன் மாற்றிக்கொள்வது வேறொன்று. மாமியார் முன் வாய் மூடியிருந்துவிட்டு, கிணற்றடியில் சிநேகிதியிடம் மனம் விட்டுப் பேசுகிற மருமகளை "இரண்டு முகம் உள்ளவள்" என்று சொல்லலாமா? பண்ணையார் முன் குனிந்து நின்று, திரும்பி வந்து தன் ஆட்களிடம் சிரிக்கிற கூலியாளை வேஷக்காரன் என்று சொல்லலாமா? ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் 1980 வரை மலேசியாவில் கெடா ராஜ்யத்து நெல் விளையும் கிராமம் ஒன்றில் தங்கி இதைத்தான் கவனித்தார். பணக்காரர் முன் ஏழைகள் பேசுவது ஒன்றாகவும், தங்களுக்குள் பேசுவது வேறாகவும் இருக்கக் கண்டார். அது கபடம் அல்ல; பலமில்லாதவரின் ஆயுதம் என்று 1985-இல் எழுதினார். அடிக்கு பயந்து போட்டுக்கொள்கிற முகமூடிக்கு, அடிக்கிறவனே பொறுப்பாளி ஆவான்.

இதற்கு நம் நாட்டிலேயே, எல்லோரும் அறிய வேண்டிய ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையிலும், பிறகு லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் திரும்பிவந்து, தம் படிப்புக்கு உதவி செய்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்கப் போனார். போன ஊரில் தங்க இடம் கிடையாது. இந்து ஓட்டலில் சேர்க்கமாட்டார்கள். பார்சி விடுதி ஒன்று இருந்தது. அங்கே பார்சிகளுக்கு மாத்திரமே இடம். கடைசியில் ஒரு பார்சிப் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துத் தங்கினார். இரண்டு கண்டங்களில் படித்த மனிதர், தம் சொந்த நாட்டில் ஒரு கட்டிலுக்காகத் தம் பெயரை மறைக்க வேண்டியிருந்தது! பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து, விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்று அதட்டி, சாயங்காலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள்.

தோழர்களே! இதில் முகத்தை மறைத்தவர் குற்றவாளியா? மறைக்கும்படி செய்தவர்கள் குற்றவாளிகளா? யோசித்துப் பாருங்கள்.

ஆனால், நான் இதைச் சொன்னது அதற்காக மாத்திரம் அல்ல. அன்று அவர் தம் சிநேகிதர் இருவரிடம் போய் இடம் கேட்டார். ஒருவர் இந்து. அவர் மிகவும் வருத்தப்பட்டார். ஆனால், "நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்" என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர். அவர், "என் மனைவி நாளை வருகிறாள், அவளைக் கேட்க வேண்டும்" என்றார். அவர்கள் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள் என்றும், புருஷர் தாராளமான கொள்கைக்கு வந்துவிட்டாலும் மனைவி பழைய ஆசாரத்திலேயே இருந்தார் என்றும், அந்தப் பதில் நாசூக்கான மறுப்பு என்றும் அவர் பின்னால் தெரிந்துகொண்டார். பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

தடி எடுத்து வந்தவர்களைவிட இந்தச் சிநேகிதர்களைத்தான் நான் அதிகமாக நினைக்கிறேன். தடி எடுத்தவனிடம் ஒரே முகம்தான் இருக்கிறது. அவனை அடையாளம் கண்டுகொள்ளலாம். சிநேகிதருக்கோ தெருவில் ஒரு முகம், வீட்டு வாசற்படியில் ஒரு முகம். தெருவில் கை குலுக்கலாம். வாசற்படி தாண்டக் கூடாது. கேட்டால் வேலைக்காரன் மேல் பழி. இல்லாவிட்டால் பெண்சாதி மேல் பழி!

இது நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று நினைத்துவிடாதீர்கள். தீண்டாமையை 1950-இல் அரசியல் சட்டம் ஒழித்தது. 1955-இல் அதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டவரைப் பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம் என்று 1989-இல் வேறு சட்டமும் வந்தது. ஆனால், வாசற்படிச் சட்டம் இன்னும் மாறவில்லை. நம்முடைய கூட்டங்களுக்கு வருகிற தோழர்களிலேயே எத்தனை பேர், "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஒப்பமாட்டார்கள்" என்று சொல்லுகிறார்கள்! சிநேகிதரை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடாததற்கும் வீடு. பெண் தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்வதைத் தடுப்பதற்கும் வீடு. பிள்ளை கல்யாணத்துக்குப் புரோகிதரைக் கூப்பிடுவதற்கும் வீடு. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் அண்ணாதுரை அவர்கள் ஆட்சியில் சட்டமே செய்தாகிவிட்டது. இனிச் சட்டத்தின் மேல் பழி போட முடியாது. ஆகையால், பெண்கள் மேல் போடுகிறார்கள். நான் கேட்கிறேன்: நிலம் விற்கும்போது அந்த அம்மாளைக் கேட்டீர்களா? கடன் வாங்கும்போது கேட்டீர்களா? கேட்காத இடத்தில் எஜமானாகவும், கேட்க வேண்டிய இடத்தில் அடிமையாகவும் இருப்பது என்ன தந்திரம்? அவர்களை எந்தக் கூட்டத்துக்கு அழைத்து வந்தீர்கள்? என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள்?

இப்பொழுது கைபேசி வேறு வந்துவிட்டது. ஒரே ஆசாமி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் வணக்கம் போடுகிறார். ஜாதிச் சங்கக் குழுவில் தம் முன்னோர் ராஜாக்கள் என்று பெருமை பேசுகிறார். நம்மவர் குழுவில் ஜாதி ஒழிய வேண்டும் என்கிறார். மூன்று குழுவையும் ஒரு நாள் ஒன்றாக்கிவிட்டால் மூன்று கூட்டத்தாருமே அவரைத் துரத்திவிடுவார்கள்!

"இப்படியெல்லாம் பேசினால் ஆகுமா? வழக்கத்தை மாற்ற முடியுமா?" என்பீர்கள். மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கூட்டத்தார் நீதிபதியானாலும், பிரபுவானாலும் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் அழைப்போம், யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்று நின்று, அதற்காகச் சிறைக்கும் போனார்கள். சுவீடன் தேசத்தில் பட்டம் சொல்லி அழைக்கும் வழக்கம் அதிகமாக இருந்தது. 1967-இல் அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் தலைவராக வந்த ப்ரோர் ரெக்செட் என்பவர், தம் சிப்பந்திகள் எல்லோரையும் "நீ" என்றே அழைக்கப் போவதாகவும், அவர்களும் தம்மை அப்படியே அழைக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் இந்த மாறுதல் நாடு முழுவதும் பரவி, பட்டம் சொல்லும் வழக்கமே பெரும்பாலும் போய்விட்டது. இதில் முக்கியமானது "அவர்களும் என்னை" என்று சொன்னதுதான். நம் நாட்டிலும் 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். 1932-இல் ஸ்ரீ, திருவாளர் முதலிய அடைமொழிகளை விட்டு, எல்லோரையும் "தோழர்" என்றே அழைக்க வேண்டும் என்று பெரியார் எழுதினார். இன்று தமிழ்நாட்டில் ஜாதிப் பட்டம் இல்லாமல் பெயர் எழுதுவது சகஜமாகிவிட்டது. ஆகவே, முடியாது என்பது சோம்பேறியின் பேச்சு.

இனிமையாகப் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. வாயில் "வாங்கண்ணே" என்று சொல்லி, கூலியில் கத்தரி போடுகிற எஜமான்கள் உண்டு. அதுவும் இரண்டு படிக்கல்தான். சொல்லும் கூலியும் சேர்ந்து நேராக வேண்டும்.

முடிவாகச் சொல்லுகிறேன். பெரிய காரியம் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. நாளைக் காலை முதல், உங்களுக்காக உழைக்கிற வயது வந்தவர் யாராயிருந்தாலும், தெருக் கூட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், பாத்திரம் தேய்க்கிற அம்மாள் யாராயிருந்தாலும், "நீங்கள்", "வாங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் சிநேகிதராயிருப்பவரை வீட்டுக்குள் அழைத்து, எல்லோரும் சாப்பிடுகிற தட்டிலேயே சாப்பாடு போடுங்கள். கோபம் வரும்போது, எதிரில் இருப்பவர் இன்ஸ்பெக்டராயிருந்தால் இந்த வார்த்தையைச் சொல்வேனா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். கடைசியாக, உங்களைப் பற்றி நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமானால் மேலதிகாரியிடம் போகாதீர்கள்; சபைத் தலைவரிடமும் போகாதீர்கள். உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும், உங்கள் வயல் வரப்பிலும் போய்க் கேளுங்கள். அவர்கள் பயமில்லாமல் பதில் சொன்னார்களானால், அந்தப் பயமில்லாமையே உங்களுக்கு முதல் நற்சாட்சி. அவர்கள் பதில் சொல்லாமல் தலை குனிந்தார்களானால், மேடையில் நீங்கள் பேசியதெல்லாம் வீண் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

 இதில் தப்பு இருந்தால் இங்கேயே எழுந்து கேளுங்கள். கேட்கப்படுகிறவனுக்கும், கேட்கிறவனுக்கும் இங்கே ஒரே மரியாதைதான்.